ஒரு கரண்டி ரசம்

அடுத்த அறையில் எவர்சில்வர் டப்பாவின் மூடி விழுந்து உருண்டது. ஒடிசாவிலிருந்து இங்கே கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த சஞ்சய், கால் முறிந்து அங்கே படுத்திருக்கிறான். காலையில் நான் கொடுத்த சாப்பாட்டை "வேணாம் அண்ணா" என்று திருப்பிவிட்டான்.

அந்தச் சத்தம் உருண்டுகொண்டே போய் என் பத்து வயதில் நின்றது.

கம்பெனியில் கை நசுங்கி அப்பா வீட்டில் இருந்த மாதம். யார் அரிசி கொண்டுவந்தாலும் வாசலிலேயே திருப்பிவிடுவார். ஒரு மதியம் அவரோடு வேலை பார்த்தவர்கள், இரும்புத்தூள் ஒட்டிய சட்டையோடு திமுதிமுவென்று உள்ளே வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, டப்பா சோறு தொண்டையில எறங்கல. ஒரு கரண்டி ரசம் ஊத்து, இங்கயே குந்திக்கினு துன்றோம்," என்றார் மாரி மாமா.

"இன்னாடா, என் ஊடு ஓட்டலா?" என்று அப்பா முறைத்தார்.

"எந்த ஓட்டல்ல நைனா இந்த ரசம் கெடைக்குது?"

கேட்டு வந்தவர்களை எப்படித் திருப்புவது? அப்பா சிரித்துவிட்டார். மூடிகள் டங் டங்கென்று திறந்தன. நெத்திலி வறுவல், கத்தரிக்காய்க் காரக்குழம்பு, ஜெபா மாமா வீட்டு முட்டைப் பொரியல். அவர்கள் ரசத்தைக் குடித்தார்கள். டப்பாக்கள் எங்கள் தட்டுகளில் காலியாயின. அப்பாவின் கை ஆறும்வரை எங்கள் வீடு கல்யாண வீடாக மணத்தது.

சோற்றோடு சஞ்சய் அறைக்குப் போனேன்.

"உங்க ஊர் ஊறுகாய் ஒரு துண்டு குடுப்பா. சோறு எறங்கல."

முகம் மலர்ந்து பாட்டிலைத் திறந்தான். இருவருமாகச் சோற்றை முடித்தோம். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தான்.

"நாளைக்கும் வா அண்ணா, ஊறுகாய் நிறைய இருக்கு."