மக்பூலின் முதுகுகள்

தூரிகை பழுப்பு நிறத்தைத் தொட்டு, சட்டையின் நடுவே வியர்வைத் திட்டு ஒன்றை வைக்கிறது. சுட்டுவிரல் அதன் ஓரத்தைத் தேய்த்துவிடுகிறது. வலைக்கயிற்றை இழுக்கும் இன்னொரு முதுகு தயார். பக்கத்தில் ஏற்கெனவே வரிசையாக முதுகுகள்.

கற்பிட்டி மக்பூல் இளமையில் சிலாபத்தில் லொறிகளுக்கும் வள்ளங்களுக்கும் பெயர் எழுதியவர். கடற்கரையில் ஹோட்டல்கள் வந்ததும், ஊர்ச் சனத்தின் அன்றாட வாழ்வை வரையும் ஓவியர் என்று தம்மையே அழைத்துக்கொண்டார். உப்பு வாருகிறவர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள், கரைவலை இழுப்பவர்கள் எல்லாரும் அவர் படங்களில் முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள். ஊராரிடம், "முகம் கீறுறது மார்க்கத்துக்குச் சரியில்ல" என்பார். ஹோட்டல்காரர்களிடம், "பாக்கிறவங்க நினைச்சுக்கொள்ளட்டும்" என்பார். உண்மை என்னவென்றால், அவருக்குக் கண் வராது. ஒரு கண்ணை வைத்தால் மற்றது காதோரம் போய்விடும். இத்தனை காலத்தில் அதைப் பழகவும் இல்லை. சோம்பலுக்கு மார்க்கத்தைத் துணைக்கழைத்த மனிதர்.

முதுகு நன்றாக வரும். அதை மறுப்பதற்கில்லை.

தலவிலயில் கரைவலை இழுக்கும் கத்தோலிக்கரான நிக்கொலஸிடம் ஒருநாள் மாட்டிக்கொண்டார். நிக்கொலஸுக்கு நெஞ்சு வருத்தம், எப்போது என்னாகுமோ என்ற பயம். இத்தாலியில் இருக்கும் மகனால் இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது. வலை இழுக்கும் கோலத்தில் தம் முகம் மகன் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"மூஞ்சி தெரியணும் நானா."

மக்பூல் மார்க்கத்தைக் காரணம் காட்டினார்.

"இது வேதக்கார மூஞ்சிதானே, பயப்படாமக் கீறுங்க."

வேறு வழியில்லாமல் "ஓம்" என்றார். வரைந்தார், சுரண்டினார். மறுபடி வரைந்ததில் நிக்கொலஸ் பொரித்த சூடை மீன்போல விழித்தார். கடைசியில் அந்த முகத்தின்மேல் தலைமயிரைப் பூசி, ஆளை வழக்கம்போலக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்.

படத்தை வாங்க நிக்கொலஸ் மனைவி மார்த்தாவோடு வந்தார்.

"எங்க என்ட மூஞ்சி?"

"கடலப் பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க அண்ணே. வலை இழுக்கிற ஆள் திரும்பினா வலை போயிருமே."

நிக்கொலஸ் வாய் திறக்குமுன் மார்த்தா குனிந்து பார்த்தாள். படத்து மனிதனின் இடத்தோள், நிக்கொலஸின் தோளைப் போலவே, இறங்கியிருந்தது.

"இது இந்த மனுசன்தான். விடியக் கடலுக்குப் போற முதுகு. வந்தாத் தண்ணியப் போட்டுட்டுச் சுவர்ப் பக்கம் படுக்கிற முதுகு. இவர்ட மூஞ்சிய மகன் இத்தாலிக்குப் போய்த்தான், போன்ல கண்டான். இத அனுப்புங்க, தகப்பன் எண்டு உடன தெரியும்."

நிக்கொலஸ் தம் இடத்தோளைத் தடவிக்கொண்டார்.

"அத யோசிச்சுத்தானே கீறின" என்றார் மக்பூல், கூசாமல். படத்தின் அடியில் தம் பெயரை அதிலிருந்த தலையை விடப் பெரிதாக எழுதி, நிக்கொலஸின் கையில் கொடுத்தார்.