மனோர் பார்க்கில் ஒரு சாமான்

செவ்வாய், காலை 9.40. ஹீத்ரோவில் இறங்கி வெளியே வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ரொறன்ரோவிலிருந்து ஏழு மணி நேரப் பறப்பில் நான் பத்து நிமிடம்கூடத் தூங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் பங்கையும் சேர்த்துத் தூங்கினார். எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன். பதின்மூன்று பவுண்டுக்கு மேல் கட்டணம். ஒரு தடவை மாறி, லண்டனை மேற்கிலிருந்து கிழக்குவரை நிலத்துக்கு அடியால் கடந்து, ஃபாரஸ்ட் கேட்டில் மேலே வந்தேன். பகல் பன்னிரண்டரைக்கும் விடிகாலை வெளிச்சம்தான். மழை பெய்யவில்லை, ஆனால் எல்லாம் நனைந்திருந்தது.

எதற்காகப் போனேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ரொறன்ரோவில் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். யாராவது சுடப்பட்டால் மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் உட்காருவது என் வேலை. படிவம் நிரப்புவேன், ஆஸ்பத்திரியோடும் பொலிஸோடும் பேசுவேன், தேநீர் போட்டுக் கொடுப்பேன். பதினாறு வருடங்களாக இதுதான் பிழைப்பு. துப்பாக்கி வன்முறையைக் குறைக்கப் பாடுபடும் அமைப்புகளுக்கு லண்டனில் இரண்டு நாள் பயிற்சி என்றதும் என்னை அனுப்பினார்கள். நாங்கள் துவக்கு என்னும் துப்பாக்கி மலிந்த ஊரிலிருந்து அது அரிதான ஊருக்குப் பயிற்சிக்குப் போவது, யாழ்ப்பாணத்தான் பனங்கிழங்கு வாங்க ஊட்டிக்குப் போவதுபோல இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு மினிகாப். ஓட்டுநர் நம்மவர். ஜேர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவராம்.

"அக்கா, சாமான் எத்தினை?"

"ரெண்டு பெட்டி, ஒரு பை."

பெட்டிகளை ஏற்றிக்கொண்டே என்ன அலுவலாக வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் அவர் கண்ணாடியில் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"துவக்கோ? இங்க அது குறைவக்கா. ஆனா கிடக்கிற இடத்தில சத்தமில்லாமக் கிடக்கும்."

 நான் தங்கும் அறை வாசலில் ஏழு பவுண்டை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

புதன், காலை 9.00. பயிற்சி நடந்தது மனோர் பார்க்கில், ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி. மண்டபம் ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். விலாசத்தில் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. பச்சைக் கதவு, சன்னலில் பூந்தொட்டி, வாசலில் நான்கு சோடிச் செருப்பு. யார் வீட்டுக்கோ மாறி வந்துவிட்டேன் என்று திரும்பப் போனேன். அப்போது கதவைத் திறந்தவர் ரூத், பயிற்சியை நடத்துபவர். முன்னாள் தாதி, அறுபது வயதிருக்கும், மெல்லப் பேசுவார்.

"இங்கே யாரும் குடியில்லை. ஆனால் குடியிருப்பதுபோல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் ரூத்.

 சமையலறை மேசையில் பாதி குடித்த தேநீர், இன்னும் ஆவி பறந்தது. குளியலறையில் பல் தூரிகைகள் ஈரமாக இருந்தன. மாடியில் ஒரு கட்டிலில் போர்வை விலகி, தலையணையில் தலை வைத்த பள்ளம். தினமும் காலை யாரோ வந்து தூரிகைகளை நனைத்து, தலையணையை அமுக்கிவிட்டுப் போகிறார்களாம். ஆஸ்பத்திரி, வீடமைப்பு, இளைஞர் சேவை என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பதினொரு பேரும் இருபது நிமிடம் பேசாமல் நடந்து, எது பொருந்தவில்லை என்று எழுதவேண்டும். மாடிச் சின்ன அறையில் எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சுவரில் வெந்நீர்க் கொதிகலன். சிரிக்க முயன்றேன், வரவில்லை.

அந்த அறைக் கட்டிலுக்குக் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்ததாம், கண்டுபிடிக்கவேண்டியது அதைத்தான். நான் அதைக் குனிந்து பார்க்கவே இல்லை. பதினாறு வருட அனுபவம்!

மதியம் 2.30. மதிய உணவுக்கு கடைத்தெருவில் இரண்டு மரக்கறி ரோலும் பால்தேநீரும், நான்கு பவுண்டு இருபது பென்ஸ். திரும்பி வந்தபோது முன்னறையின் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். இனி கேட்கும் பயிற்சி. ரூத்தின் அமைப்பு நடத்தும் உதவித் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவு. அழைத்தவர்களை இனங்காண முடியாதபடி பெயர்களை நீக்கி, குரலையும் மாற்றியிருந்தார்கள். கையில் ஆங்கில மொழிபெயர்ப்பு. நம் சேவைக்குச் சம்பந்தமில்லாத அழைப்பு வந்தால் எப்படிப் பணிவாக வேறு அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பது என்பதற்கு மாதிரியாக நான்காவது பதிவை வைத்திருந்தார் ரூத். அது தமிழில் இருந்தது.

கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு தடித்த குரல். ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்தக் குரலுக்குள் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் பேச்சு:

"பிள்ளை, எங்கட மேலறையில வாடகைக்கு இருந்த தம்பி ஒரு சாமானை வைச்சிட்டுப் போட்டார். என்னால அந்த அறைக்குள்ள போக ஏலாமக் கிடக்கு. ஆரும் வந்து எடுக்கச் சொல்லுங்கோ."

மொழிபெயர்ப்பு சரியாகவே இருந்தது. முன்னாள் வாடகையாளர் தன் பொருட்களை விட்டுச் சென்றிருக்கிறார், அகற்ற உதவி வேண்டும். தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். நல்ல தமிழ், நிதானமான பேச்சு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் தலையாட்டினேன். வீடமைப்பு ஆலோசனைக்கு அனுப்பினோம் என்று ரூத் சொன்னபோது, சரிதான் என்று தாளில் எழுதினேன்.

குறிப்பெடுக்க இன்னொரு தடவை போட்டார்கள். இரண்டாம் தடவைதான் அந்த 'ஒரு' என் காதில் விழுந்தது. உடுப்பையும் பெட்டியையும் விட்டுப் போனால் 'சாமான் எல்லாத்தையும் வைச்சிட்டுப் போட்டார்' என்போம். 'ஒரு சாமானை' என்று யாராவது சொல்வார்களா? ஒரேயொரு பொருளுக்காக ஒரு முழு அறைக்குள்ளும் போக ஏலாமல் போகுமா?

யுத்த காலத்தில் நாங்கள் துவக்கு என்ற சொல்லை வீட்டுக்குள் வைத்தும் சொல்லமாட்டோம். சுவருக்கும் காது இருந்த காலம். 'அவனிட்ட சாமான் இருக்கு' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைக் கேட்டவர் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

கை எழும்பிவிட்டது, ஆனால் வாயிலிருந்து தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், அந்த அம்மா சொல்வது துப்பாக்கியை என்று.  இந்த அழைப்பு வந்து எத்தனை நாள் என்று ரூத்திடம் கேட்டேன். அவர் கோப்பைத் திறந்தார்.

"இரண்டு கிழமைக்கு முன். வீடமைப்பு ஆலோசகர் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்திருக்கிறார். பொருட்களை இரண்டு கிழமைக்குள் வந்து எடுக்கும்படி வாடகையாளருக்கு அறிவிக்கும் கடிதம்." நிறுத்தி, நாட்களை எண்ணினார். "தவணை இன்றோடு முடிகிறது."

பிற்பகல் 3.35. ரூத் அழைத்துச் சாதாரண உடையில் ஒரு பொலிஸ் அதிகாரி வந்துவிட்டார். அவர்களின் மொழிபெயர்ப்பாளர் வர நேரமாகும் என்பதால் என்னையே பேசச் சொன்னார். ஒரே ஒரு காரியம்: அந்த அம்மாவைப் பதற்றப்படுத்தாமல் வீட்டுக்கு வெளியே வரவைக்கவேண்டும். அவருடைய பெயரை மாற்றி, யோகம் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் இப்போது அவருடைய சொந்தக் குரல். மெல்லிய, இருமல் கலந்த குரல்.

"அக்கா, உங்களிட்ட ஒரு சாமான் இருக்கெண்டு சொன்னனீங்களாம்."

"ஓம்."

"உடுப்போ?"

"இல்லை."

"ஏனம் சட்டியோ?"

"இல்லைப் பிள்ளை."

"அந்த நாளில நாங்கள் ஊரில சொல்லுற சாமானோ?"

 அழுகிற சத்தம் கேட்டது.

"ஓம் பிள்ளை, ஓம். அதுதான். ஒருத்தருக்கும் விளங்கேல்லை எண்டு இருந்தன்."

எனக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, அதிகாரி சொன்னபடி, அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலடிக்கு உடனே வரச் சொன்னேன். கணவர் வேலைக்குப் போயிருக்கிறார், உலையில் அரிசி கிடக்கிறது என்றார். அடுப்பை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டி, திறப்பைக் கையில் எடுத்துவரச் சொன்னேன்.

மாலை 4.05. சேர்ச் ரோட்டில் கோயில் வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பிடம். நடை இன்னும் திறக்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. யோகம் அக்கா வீட்டுச் செருப்போடு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். அதிகாரி திறப்பை வாங்கிக்கொண்டு நடந்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நாங்கள் இருவரும் ஈர இருக்கையில் உட்கார்ந்தோம். பஸ்கள் வந்து கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, மூடிக்கொண்டு போயின.

"கட்டிலுக்குக் கீழ, சிவப்புத் துவாயில சுத்தி வைச்சிருந்தவர். கூட்டேக்கை தும்புத்தடி பட்டது. பாரம். ஒரு முனையை விலத்திப் பாத்தன், போதும் எண்டு ஆச்சு. இவருக்கும் சொல்லேல்லை, பொலிசெண்டா இவர் பயந்து செத்திடுவார். கதவுக்கு முன்னால கதிரையை வைச்சிட்டன்."

"பிறகு உள்ள போகேல்லையோ?"

"இல்லை. வெள்ளிக்கிழமையில எல்லா அறைக்கும் சாம்பிராணி காட்டுறனான். அந்த அறைக்கு மட்டும் வெளியில நிண்டு, சாத்தின கதவுக்குக் காட்டினனான்."

பொலிஸ் இல்லாத ஒரு நம்பரை இவர் எங்கே பிடித்தார் என்று கேட்டேன். டொக்டர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததாம். கடிதத்தைப் பற்றியும் கேட்டேன்.

"அவை எழுதித் தந்ததைத்தான் அனுப்பினனான். தாங்ஸ் அன்ரி, வாறன் எண்டு மெசேஜ் போட்டவர். நல்ல மரியாதையான பெடியன்."

வருகிறேன் என்றவன் எந்த நேரம் வருவான் என்று எழுதவில்லை. அவன் வரும்போது அங்கே பொலிஸ் நிற்கும் என்ற நினைப்பு ஒன்றுதான் அந்தக் குளிரில் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஒரு சாமானாவது யார் கைக்கும் போகாமல் பிடிபடப்போகிறது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நான் நேரத்தோடு வந்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மாலை 4.50. அதிகாரி திரும்பி வந்தார். வெறுங்கை. 

அறை காலி. கட்டிலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சிவப்புத் துவாயை நான்காக மடித்துக் கட்டிலின் நடுவே வைத்திருந்ததாம். துவாயின் மேல் வீட்டுத் திறப்பு. திறப்புக்குக் கீழே அந்தக் கடிதம். அதன் அடியில் ஆலோசகர் வழக்கப்படி ஒரு கோடு போட்டு விட்டிருந்தார்: பொருட்களைப் பெற்றுக்கொண்டேன், கையொப்பம், திகதி. வாடகையாளர் அதை ஒழுங்காக நிரப்பியிருந்தார். திகதி போன வெள்ளிக்கிழமை.

கதிரை எங்கே இருந்தது என்று அதிகாரியிடம் கேட்டேன். கதவோடு ஒட்டி, வெளியே, அந்த அம்மா வைத்ததாகச் சொன்ன அதே இடத்தில் என்றார்.

அப்படியென்றால் வெள்ளி பகல் யோகம் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவன் வந்திருக்கிறான். கதிரையை விலக்கி, எடுக்கவேண்டியதை எடுத்து, கையெழுத்துப் போட்டு, போகும்போது கதிரையைப் பழையபடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறான். அதன் பிறகு அந்த அம்மா ஐந்து நாட்கள் ஒரு வெறும் அறைக்குப் பயந்து ஒடுங்கிக் கிடந்திருக்கிறார்.

யோகம் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "என்னவாம் பிள்ளை?"

"சாமான் வீட்டில இல்லையாம் அக்கா. வெள்ளிக்கிழமையே வந்து எடுத்திட்டார்."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"முருகா! போட்டுதோ? சொன்னபடி செய்திட்டார் பாத்தியளே. அப்ப நான் போய் உலையை வைக்கலாம்."

 அதிகாரி அவரை வீட்டுக்குப் போகவிடவில்லை. அன்று அவரும் கணவரும் விம்பிள்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த ரூத் நடைபாதையில் நின்று, கையிலிருந்த கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிழை யாருடையது என்று அன்று எல்லோரும் தேடினோம். எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கோபிக்க ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

வெள்ளி, பிற்பகல் 1.15, ஹீத்ரோ. வியாழக்கிழமைப் பயிற்சியில் முழு நாளும் அந்த ஒரு பதிவைத்தான் கேட்டோம். புறப்படுவதற்கு முன் ரூத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் பெயர் தெரியும், கையெழுத்து இருக்கிறது, படம்கூடக் கிடைத்துவிட்டதாம். ஆள் கிடைக்கவில்லை. சாமானும் கிடைக்கவில்லை.

ரொறன்ரோவில் நான் போகிற வீடுகளில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். விலாசம் கையில் தருவார்கள், நான் போய்க் கதவைத் தட்டுவேன், உள்ளே யார் அழுகிறார்கள் என்று முதலே தெரியும். அது எத்தனை ஆறுதல் என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. விமானம் லண்டனுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. கீழே ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியான கூரைகள். அவற்றில் ஒன்றுக்கு இந்தச் சாமான் போய்ச் சேரும். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. அங்கே இந்நேரம் ஒரு தாய் சோறு வடித்துக்கொண்டு, பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.