ஒப்பாரியில் சொன்ன பொய்

புன்னக்காயலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். கடற்காற்று டீக்கடையின் தகரக் கூரையைத் தடதடக்க வைக்கிறது. வாசல் பெஞ்சில், சீருடை போட்ட மகளுக்கு ஒரு மீனவர் ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருக்கிறார். வலை பின்னிப் பழகிய விரல்கள்தான். ஆனாலும் வகிடு கோணல்.

"தினமும் நீங்கதானா அண்ணாச்சி?" என்கிறேன்.

"போன வருசம் செத்ததுல இருந்து நாந்தான் சார்" என்று சிரிக்கிறார்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், காற்று இவர் படகை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேற்றூர்ப் படகு ஒன்று காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், ஆள் போய்விட்டார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இவர் வீடு வந்து சேரும்போது உள்ளே மனைவியின் ஒப்பாரி.

"வாசல்லயே நின்னு கேட்டேன். 'மகளுக்குத் தெனமும் தலை பின்னிவிடுவீகளே, இனி யாரு பின்னுவா'ன்னு அழுதா. நான் ஒரு நாளும் சீப்பைத் தொட்டதில்ல சார். செத்தவன் அவ்வளவு நல்லவனா இருந்திருக்கான். உசிரோட வந்தவன் என்ன செய்ய? பின்னித்தானே ஆகணும்?"

மகள் சடைகளைத் தடவிப் பார்த்து, "எப்பா, ஒண்ணு மேல ஏறிக் கெடக்கு" என்கிறாள். அவர் அதை அவிழ்த்து மறுபடி ஆரம்பிக்கிறார்.

கடைக்குள்ளிருந்து அவர் மனைவி எனக்கு டீயை நீட்டுகிறார். "என்னைய வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போனதாவும் அன்னைக்கு அழுதேன் சார். அது மட்டும் இவுக காதுல விழல."

தலை நிமிராமல் அவர் சொல்கிறார்: "போவோம் புள்ள. அதுக்குத்தான வந்திருக்கேன்."