பட்டியலில் இல்லாத கார்டு

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கணினி சர்வர்களைப் பராமரித்தவளை எல்லோரும் 'பட்டியலக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த சர்வருக்கு எந்தக் கார்டு ஒத்துப்போகும் என்ற பட்டியலைப் பார்க்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டாள். "மாப்பிள்ளையே வந்தாலும் பட்டியல்ல தேடிட்டுத்தான் உள்ள விடுவா" என்று மேல்மாடியில் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அங்கே அவளுக்கு மேலதிகாரி சொந்த அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே, கோபம் வந்தால் கை நீட்டுகிறவனும் அவனே.

ஸ்கேன் படங்கள் இருக்கும் சேமிப்புப் பெட்டியோடு சர்வரை இணைக்கும் கார்டில் கேபிள் செருக இரண்டு வாய்கள். ஒன்று செத்துப்போயிருந்தது. சரியான மாற்றுக் கார்டு வர இன்னும் மூன்று நாள் ஆகும். அதற்குள் அண்ணன் வேறொரு கார்டோடு வந்து நின்றான்.

"அண்ணே, இது பட்டியல்லயே இல்ல. மாட்டினா பெட்டி மொத்தமா காணாமப் போயிடும். ஒரு வாய் ஓடுதில்ல, மூணு நாள் பொறுங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" பளாரென்று விழுந்த அறையில் அவள் மூக்குக்கண்ணாடி தெறித்து, மூக்கில் ரத்தம் வந்தது. முடியைப் பிடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டு அவனே மாட்டினான். சேமிப்புப் பெட்டியில் பழைய கார்டின் அடையாள எண்ணை அழித்துப் புதிய கார்டின் எண்ணைப் பதிந்தான். சர்வர் எழுந்தது. அதற்குப் பெட்டி தெரியவில்லை. மேலே எல்லாத் திரைகளிலும் படங்கள் மறைந்தன.

கால் மணி நேரத்தில் கதவுக் கண்ணாடி நொறுங்கியது. சலைன் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பத்தோடு ஒருவர் உள்ளே பாய்ந்தார்.

"என் பொண்ணு தலையத் திறந்து வெச்சிட்டு டாக்டருங்க படம் இல்லாம நிக்கறாங்கடா! கீழதான் கோளாறுன்னாங்க, எவன்டா கை வெச்சது?"

முதல் அடி அண்ணனின் தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. கீழே விழுந்தவனை அவர் மறுபடியும் மறுபடியும் அடித்தார். அவள் குறுக்கே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் வலது தோளில் இறங்கியது. கை தொங்கிப்போனது.

"என்னையும் அடிச்சுப் போட்டா படத்த யாருங்க கொண்டு வருவா?" என்று கத்தினாள். "பத்து நிமிஷம் குடுங்க!"

கம்பம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.

சர்வரை அணைத்து, இடது கையால் புதிய கார்டைப் பிடுங்கிப் பழையதைச் செருகினாள். சர்வர் எழுவதற்குள் கார்டின் ஒட்டுத்தாளில் இருந்த அடையாள எண்ணின் பதினாறு எழுத்துகளையும் பெட்டியில் ஒற்றை விரலால் தட்டினாள். மூக்கிலிருந்து ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டி அடையாளம் காணாது. சரிபார்த்தாள், இன்னொரு தடவையும் சரிபார்த்தாள். படங்கள் திரும்பி வந்தன.

குழந்தை பிழைத்தது. போலீஸ் வந்தபோது, "முதல்ல அவருக்கு அவர் பொண்ணக் காட்டிட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் அடித்ததை மறைக்கவில்லை. அண்ணன் அடித்ததையும்தான். விசாரணையில் கார்டு, அறை, கம்பம் மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். அண்ணனின் வேலை போயிற்று.

அம்மா தொலைபேசியில் வெடித்தாள். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேடி!"

"அவன் செத்துடக் கூடாதுன்னு அடி வாங்கினதும் நான்தாம்மா" என்றாள் அவள். "அண்ணன்ங்கறதுக்காகப் பொய் சொல்ல முடியாது."

"தோள் எப்படி இருக்கு?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள் அம்மா.