தவறாகத் தட்டுபவர்

கம்பளிக் கையுறைக்குள் விரல்களைத் திணித்துக்கொண்டு நேலிதா பெந்தாங்கோர் கட்டளையைத் தட்டுகிறார். ஓர் எழுத்து இரண்டாக விழுகிறது. இன்னோர் எழுத்து விழவே இல்லை. எதையும் அழிக்காமல் என்டரை அழுத்துகிறார். பிறகு நாற்காலியை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி, திரை பாய்ந்து வந்து கடித்துவிடும் என்பதுபோலப் பார்க்கிறார்.

மொந்தேவீதேயோவில் எங்கள் அலுவலகம் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு கணினி நிரல்: ஆற்றங்கரை ஊர்களில் வெள்ள எச்சரிக்கைச் சங்கை ஊதவைக்கும் நிரல். அதில் யார் எந்த வரியை மாற்றினாலும் நேலிதா படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியே போகும். வயது ஐம்பத்து மூன்று. எனக்கு அடுத்த மேசை. மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை பக்கத்திலேயே இருக்கும். ரிவ்யூ முடியும்வரை அதில் வெந்நீர் ஊற்ற மாட்டார், பதற்றத்தில் சிந்திவிடுமாம். "ம்" என்றால் ஏதோ தப்பு. "ம்ம்ம்" என்று இழுத்தால் எழுதியவருக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது.

"ஏன் தாயே, கையுறை போட்டுக்கிட்டு எவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவான்?" என்பார் சக ஊழியர் வாஷிங்டன் ஒலிவேரா.

"பயந்தவன் கை எல்லாமே கையுறை போட்ட கைதான். தண்ணி வாசல்ல நிக்கும்போது நீ என்ன அழகா அடிச்சுருவியா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். கட்டளையோடு சேர்த்துத் தட்ட, ஒத்திகைக்கென்று ஓர் ஆப்ஷன் உண்டு. இரண்டு சிறுகோடு போட்டு 'என்சாயோ', அதாவது ஸ்பானிய மொழியில் ஒத்திகை, என்று எழுதினால் சங்கு ஊதாது, அதிகாரிகளின் தொலைபேசி மட்டும் அடிக்கும். அன்று நேலிதா அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். நிரலுக்கு அந்தச் சொல் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை. தெரியாத சொல்லைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் செய்தது. பாசோ தெல் சௌசே ஊரில் வெயில் காய்ந்த மத்தியானத்தில் சங்கு ஊதியது. கைக்குழந்தையோடு ஓடிய பெண் ஒருத்தி படியில் உருண்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

நேலிதா பேருந்தேறிப் போய் அவளைப் பார்த்தார். அவள் திட்டவில்லை. "பரவால்லம்மா. ஆனா ஒண்ணு, இனிமே அது ஊதினா நான் ஓட மாட்டேன்" என்றாள். நேலிதா இதை என்னிடம் ஒரே முறைதான் சொல்லியிருக்கிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தெரியாத ஆப்ஷன் வந்தால் நிரல் நிற்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுவந்தார். பழைய கட்டளைகள் பல நின்றுபோகுமே என்று மேலிடத்தில் ஒத்திப்போட்டார்கள். சென்ற வியாழக்கிழமைதான், மேலாற்றில் ஒன்பது நாளாக மழை என்றதும், வாஷிங்டன் அவசரமாக அந்த மாற்றத்தை எழுதிக்கொண்டு வந்தார். மொத்தம் நாற்பது வரி. அன்று மதியம் மூன்று மணிக்கே ஒத்திகை.

எந்தச் சங்கோடும் இணையாத பரிசோதனைக் கணினியில் நேலிதா தட்டத் தொடங்கினார். எழுத்தைக் குறைத்தார், நிரல் நின்றது. எழுத்தைக் கூட்டினார், நின்றது.

"போதும் நேலி. கையெழுத்தப் போடுங்க. மணி ஒன்றரை" என்றார் வாஷிங்டன்.

"ம்."

இரண்டு கோட்டுக்குப் பதில் ஒரே கோடு போட்டு என்டரை அழுத்தினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒற்றைக் கோடு வந்தால் நிரல் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கும். தெரியாத எழுத்துகளுக்குத் திரையில் ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு மேலே போனது, நிற்கவில்லை. ஸ்பானிய எழுத்தில் அந்தச் சொல்லின் நடுவே 'ஆ' (a) வருகிறது. எங்கள் நிரலில் அந்த எழுத்துக்குப் பொருள், 'கீழாற்று ஊர்கள் அனைத்தும்'. திரையில் பதினோரு ஊர்ப் பெயர்கள் வரிசையாக இறங்கின.

வாஷிங்டன் மெல்ல உட்கார்ந்தார். "ஐயோ... அந்தப் பக்கத்த நான் பாக்கவே இல்ல."

"பதினோரு ஊருப்பா" என்றார் நேலிதா. "நிஜத்துல ஊதியிருந்தா, பதினோரு ஊரும் இனிமே ஓடாது."

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திருத்தினார்கள். இப்போது நிரல் எல்லாச் சொற்களையும் முதலில் படித்து, ஒன்று தவறினாலும் எதையும் தொடாமல் வெளியேறும். இரண்டே முக்காலுக்கு நேலிதா ஒப்புதல் தந்தார். புதிய நிரல் நிஜக் கணினிக்குப் போனது. ஆனால் ஒத்திகைக்கு முன் அங்கேயும் ஒருமுறை தப்பாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஆறு ஏறிக்கொண்டிருந்ததால் சங்குகளின் இணைப்பை எடுக்க அனுமதி கிடைக்கவில்லை.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இங்க நின்னது அங்கயும் நிக்கும்" என்றார் வாஷிங்டன்.

"ராத்திரி தூக்கம் கெட்டுத் தப்பா அடிக்கப் போறவன் அங்கதான் அடிப்பான். அவனுக்கு முன்னாடி நான் அடிச்சுடறேன்."

ஒற்றைக் கோடு போட்டார். சொல்லைத் தட்டினார். உதடு ஏதோ முணுமுணுத்தது. ஜெபமா வசவா தெரியவில்லை. என்டர்.

'தெரியாத ஆப்ஷன். எதுவும் செய்யப்படவில்லை.' திரையில் அவ்வளவுதான். வாஷிங்டன் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். நான் மூச்சு விட்டேன்.

நேலிதா எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தார். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஆற்றின் பக்கம் காதைச் சாய்த்து, எங்களைப் பேச வேண்டாம் என்று கையைத் தூக்கிக் காட்டினார்.