கஸ்தம் வந்த நாள்

மலேசியாவில் தாப்பா பக்கத்தில் எங்கள் ரப்பர் பால்மரத் தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு பெரிய சாலை வந்தபோது, நான் அந்தச் சாலைக் கம்பெனியின் ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் நடந்தது இது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சாலை போட வெளிநாடு ஒன்று கடன் கொடுத்திருந்தது. கம்பெனியும் அந்த நாட்டுக் கம்பெனிதான். அவர்களுடைய மண் வெட்டும் இயந்திரம் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தோம். அதை ஒருநாள் பார்த்த அவர்கள் இஞ்சினியர், யாரிடமும் ஒன்றும் பேசாமல் ஒரு மஞ்சள் பம்பைக் கொண்டுவந்து எங்கள் பழைய கிணற்றில் மாட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அதற்கு விபூதி பூசிப் பொட்டு வைத்தார். எனக்குக்கூட அவர் அப்படி ஆசையாய்ப் பொட்டு வைத்ததில்லை.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பம். நிறையப் படித்தவர். ஆனால் பாதிப் பேச்சை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். ஒரு சாயங்காலம் என்னிடம், “அக்கா, நாளைக்குக் கஸ்தம் வருகுது. லயத்துக்கும் வரும் போல” என்றார்.

கஸ்தம் என்றால் சுங்கத்துறை. மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். என் காதில் விழுந்ததோ கஷ்டம். பாவம், மனுஷனுக்கு வீட்டில் என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

“நமக்கு எப்பங்கய்யா கஷ்டம் வராம இருந்துச்சு? வந்தா பாத்துக்கலாம்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். கிராணி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை தெரிந்தது. இவ்வளவு துணிச்சலா இந்த அம்மாவுக்கு என்று நினைத்திருப்பார்.

மறுநாள் மலாய்க்கார அதிகாரி ஒருவர் வந்தார். காகிதங்களைப் புரட்டினார். என் தேத்தண்ணியை இரண்டு கிளாஸ் குடித்து, நல்லா இருக்கு என்றார். அப்போதுதான் கிராணி என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சாலைக்கு வரும் சாமானுக்கு வரி கிடையாதாம். ஆனால் அதில் ஓர் ஆணியைக்கூட வேறு வேலைக்கு எடுக்கக் கூடாதாம். வேலை முடிந்ததும் எல்லாம் கப்பல் ஏறித் திரும்பிவிட வேண்டுமாம். இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தமாம். அத்தனை பெரியவர்கள் கூடி ஆணி வரைக்கும் யோசித்தவர்கள், குழாய் உடைந்தால் குடிக்க என்ன செய்வது என்று மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்கள்.

பம்பு இருப்பது தெரிந்தால் லோரியில் ஏற்றிவிடுவார்கள். மறுபடியும் ஆற்றுக்கு நடை.

அதிகாரி லயத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பம்பு பொட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் காகிதத்தில் இருந்த நம்பரைப் பம்பில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிராணி தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சான பாசார் மலாயில், தரையைப் பார்த்தபடியே சொன்னேன்: “துவான், இது ரோட்டு வேலை பம்புதான். நீங்க குடிச்ச தேத்தண்ணி இந்தத் தண்ணிதான். ரோட்டு ஆளுங்களும் இதத்தான் குடிக்கிறாங்க லா.”

அது பொய்யில்லை. தினமும் ஆபீசுக்கு நான்தான் வாளியில் சுமந்து போவேன்.

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு நின்றபடியே என்னவோ நீளமாக எழுதினார். சாலை வேலை ஆட்களின் குடிதண்ணீருக்காகப் பம்பு இங்கேயே இருக்கலாம், வேலை முடியும் வரைக்கும் என்று கிராணி படித்துச் சொன்னார்.

வேலை முடியும் வரைக்கும்! அதற்குப் பிறகு சாலை மெதுவாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டது இந்த நாட்டிலேயே எங்கள் லயம் ஒன்றுதான்.

சாலை முடிவதற்குள் கிராணி மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கோலாலம்பூருக்கும் அந்த நாட்டுக்கும் கடிதங்கள் போய் வந்தன. கடைசியில், சாலை வேலையில் உடைந்ததற்குப் பதிலாகக் கொடுத்த பொருள் திரும்ப வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். அடுத்த சாலைக்கான ஒப்பந்தத்தில் அந்த வாசகம் முதலிலேயே ஏறிவிட்டதாம்.

“அக்கா, ரெண்டு நாட்டுச் சட்டத்துக்குள்ள உங்கட தேத்தண்ணி போயிட்டுது” என்று கிராணி கேலி செய்தார். அது இருக்கட்டும், பம்பு எப்போது எங்களுக்கு என்று கேட்டேன்.

பம்பை வாங்கிக்கொண்டதற்கு லயத்தின் சார்பில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆம்பளைகள் எல்லாருக்கும் அன்றைக்குத் திடீரென்று எங்கேயோ வேலை வந்துவிட்டது. நான்தான் போட்டேன், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. இஞ்சினியர் அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, எது மேல் பக்கம் என்று பார்த்தார். பிறகு எனக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பம்பின் சாவியை என் கையில் கொடுத்தார்.