காலையில் மட்டும் இருக்கும் சுவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்குச் சென்னை பாரிமுனையில் ஆரணி பேருந்து ஏறினேன். டிக்கெட் எட்டு ரூபாய் நாற்பது காசு, தூரம் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஆரணிக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் பட்டுப் புடவைப் பேச்சாகவே இருந்தது. நான் போவது புடவை எடுக்க இல்லை, கதவுகளைச் சரிபார்க்க என்று விளக்கியதை மனைவி நம்பவில்லை.

அது 1980, கோடைக்காலம். மறு ஆண்டு நாடு முழுவதும் தலைக்கணக்கு எடுக்க இருந்தார்கள். தலைகளை எண்ணுமுன் வீடுகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு தெருவையும் நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் காவியால் எண் எழுதி, பட்டியலும் வரைபடமும் தயாரிப்பது அந்தந்த ஊர் நகராட்சி ஆட்களின் வேலை. பட்டியலில் இல்லாத வீட்டுக்குக் கணக்கெடுப்பவர் போகமாட்டார். போகாவிட்டால் அந்த வீட்டில் இருப்பவர்கள் நாட்டிலேயே இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டியலில் குற்றம் கண்டுபிடிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதோடு, ஊர்களிலிருந்து பென்சிலில் வரும் வரைபடங்களை மையில் அழகாக வரைந்து வைப்பது என் தனிப் பொறுப்பு. என் கோடு அச்சடித்தது போல இருக்கும் என்று மேலதிகாரி ஒருமுறை சொல்லிவிட்டார். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பக்கத்தில், ஆரணிக்கு அப்பால் இருக்கும் சேத்துப்பட்டுக்காரர் ஒருவர், மடியில் ஒரு புது ஸ்டவ். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"வீட எண்ணி இன்னா பண்ணுவீங்க?"

"தில்லிக்கு அனுப்புவோம்."

"அவங்க இன்னா பண்ணுவாங்க?"

யோசித்துக்கொண்டிருந்தபோதே ஆற்காடு வந்துவிட்டது. டீ குடிக்க இறங்கித் தப்பித்தேன்.

பதினொன்றேகால் மணிக்கு ஆரணி. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை, நாளுக்கு ஆறு ரூபாய். மின்விசிறிக்கு விருப்பம் இருந்தால் சுற்றும். குளித்துவிட்டு நகராட்சி அலுவலகம் போனபோது எனக்காக ஒருவர் சைக்கிளோடு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். அவர் ஏகாம்பரம், நான் சரிபார்க்க வந்த வார்டின் பில் கலெக்டர். வீட்டு வரி வசூலிப்பவர் என்பதால் பட்டியல் போடும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

ஊரில் அவரைவிட அதிகக் கதவுகளைத் தட்டியவர் இருக்க முடியாது. அன்று பகல் முழுவதும் அவரோடு நடந்தேன். நான் பட்டியலில் எண்ணைப் படிப்பேன், அவர் அந்த வீட்டின் குணத்தைச் சொல்வார்.

"இருபத்தி மூணா? மூணு தபா கூப்பிடணும் சார், அப்பதான் தெறப்பாங்க. இருபத்தி நாலு, நம்மளப் பாத்ததும் பின்பக்கமா போயிடுவாரு. இதுல ரெண்டு குடும்பம், பேசிக்க மாட்டாங்க, ஆனா ஒரே அடுப்பு."

"ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பம்தான்" என்றேன். எங்கள் விதி அது. ஒரு சமையல், ஒரு குடும்பம்.

"அத அவங்ககிட்ட யாரு சார் சொல்றது?"

பட்டியல் சுத்தமாக இருந்தது. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு நிலைக்காலிலும் காவி எண். ஒரு பிழையும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குற்றம் கண்டுபிடிக்க வந்தவன் வெறுங்கையோடு போனால் பயணப்படி கொடுத்தது எதற்கு என்று கேட்பார்கள்.

மாலை ஆறரை மணி சுமாருக்கு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நெசவாளர் தெருவில் அது அகப்பட்டது. என் வரைபடத்தில் நாற்பத்தோராம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அப்பால் காலி இடம். ஆனால் நேரில் சுவர் இல்லை. இரண்டு முழம் அகலத்தில் ஒரு சந்து உள்ளே போயிற்று.

"ஏகாம்பரம், இங்கே சுவர் இருக்க வேண்டுமே?"

அவர் வரைபடத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார்.

"சுவரா? அது காலையிலதான் சார் இருக்கும். விடியறதுக்குள்ள வாங்க, காட்டறேன்."

இருட்டத் தொடங்கியிருந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபத்தோடு லாட்ஜுக்குத் திரும்பினேன். இரவுச் சாப்பாடு ஒன்றே முக்கால் ரூபாய். சோறு நன்றாக இருந்தது. அரிசிக்குப் பெயர்போன ஆரணியில் சோறு நன்றாக இல்லாவிட்டால்தான் செய்தி.

புதன்கிழமை, ஐந்தே முக்கால். தெருவில் நேற்று மாலை காணாத ஒன்று நின்றிருந்தது. தெருவின் நீளத்துக்கு, இரு முனையிலும் கட்டையில் கட்டி, இடுப்பு உயரத்தில் அரக்கு நிறப் பட்டு இழைகளை இழுத்து விரித்திருந்தார்கள். புடவையின் நீளவாட்டு நூல், பாவு. தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் விரித்து, குறுக்கே குச்சிகள் செருகி இழைகளைப் பிரித்து, அறுந்ததைக் கட்டுகிறார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. இரு பக்கமும் எட்டுப் பத்துப் பேர் பேசாமல் நூலைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். பாவின் கடைசிப் பகுதி அந்தச் சந்தின் வாயை நேராக மறித்து ஓடியது.

எனக்கு அவசரம். குனிந்து நூலுக்கு அடியில் நுழைந்துவிடலாம் என்று தலையைத் தாழ்த்தினேன்.

"சார், அப்பிடியே நில்லுங்க."

சொன்னது பாவின் அந்தப் பக்கம் நின்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையிலும் இழைகளைப் பிடித்திருந்ததால் கண்ணாலேயே என்னைத் தடுத்தாள். "தல பட்டு ஒரு இழ அறுந்தா, தேடிக் கட்டறதுக்குள்ள வெயிலு வந்துடும். பாவு எடுக்கற வரிக்கும் யாரும் தாண்ட மாட்டாங்க."

"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"இந்தச் சந்துலதான். என் பேரு முனியம்மா. மூணாவது வீடு."

மூன்றாவது வீடு. என் பட்டியலில் சந்தே இல்லை.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்த ஏகாம்பரம், "இதான் சார் சுவரு" என்றார். பையிலிருந்து அவருடைய பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். எங்களுக்கு அனுப்பிய படத்தின் மூலம் அது. சந்தின் வாயில் பென்சிலால் ஒரு கோடு, கோட்டின் மேல் சின்னச் சின்னதாகக் குறுக்குக் கோடுகள். "நான் போட்டது பாவு. அந்தக் குறுக்குக் கோடு பாவுக் குச்சி. மூணு நாள் காலைல நம்பர் எழுத வந்தேன், மூணு நாளும் பாவு. பகல்ல ஆபீசு வேல. சரி, இன்னொரு தபா வந்து பாக்கணும்னு ஞாபகத்துக்குக் கோடு போட்டு வச்சேன். அதுக்குள்ள ஜல்தி அனுப்புன்னு உங்க தந்தி வந்துச்சு. கோடப் பாத்துட்டு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் கேட்கவில்லை. குச்சிகளைச் செங்கல் என்று நினைத்து, அளவுகோல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லாக மையில் வரைந்தேன். அரை நாள் வேலை. மேலதிகாரி பாராட்டியது அந்தப் படத்தைத்தான். காலை ஆறு மணிக்குத் தெரு நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவர் வந்தது எனக்குத் தெரியும் சார்" என்றாள் முனியம்மா, கை நிறுத்தாமல். "மூணு நாளும் நான் இதே எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். கையில நூல வச்சிகினு எப்பிடி ஓடறது? சந்துல இருக்கற அத்தினி பேரும் பாவுலதான் நிப்போம். உள்ள கதவத் தெறக்க ஆளே கெடையாது."

காத்திருந்தோம். பாவுக்கு வருமுன் அவர்கள் மூட்டிவிட்டு வந்த அடுப்புகளின் புகை சந்துக்குள்ளிருந்து எழுந்தது. ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்து விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு அடுப்பு சார்."

எட்டு நாற்பதுக்குப் பாவைச் சுருட்டினார்கள். உள்ளே போனோம். கூரையும் தகரமுமாக ஐந்து வீடுகள், ஒவ்வொன்றிலும் தனிச் சமையல். நாற்பத்தோராம் வீட்டு நடேசனிடம் கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் அவை. நடேசன் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இது வீடு இல்லீங்க, தறிக் கொட்டாய். இவங்கல்லாம் நம்ம ஆளுங்க. என் வீட்டுக் கணக்குலயே சேத்துக்குங்க. தனி நம்பரு போட்டா நாளைக்கு வரி வரும், பேஜாரு."

"வரி வேற, இது வேற" என்றார் ஏகாம்பரம். வரி வசூலிப்பவர் வாயிலிருந்து அது வந்ததால் நடேசன் கொஞ்சம் யோசித்தார்.

நான் கேட்டேன்: "இவர்கள் உங்கள் வீட்டிலா சாப்பிடுகிறார்கள்?"

"அது எப்பிடிங்க?"

"அப்படியென்றால் ஐந்து குடும்பம்."

நடேசன் கெட்டவர் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே காவி கரைக்கத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். நாற்பத்தொன்றின் கீழ் ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவது என்று முடிவாயிற்று. ஏகாம்பரமே தூரிகை எடுத்தார்.

மூன்றாவது வீட்டில் முனியம்மா அவரை நிறுத்தினாள். "செவுத்துல வாணாங்க, மழைக்குப் போயிடும். கதவுல எழுதுங்க." உடைந்த தறியின் பலகைகளை அடித்துச் செய்த கதவு அது. 41/3 என்று எழுதி முடிக்கும்வரை கண் எடுக்காமல் நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"இந்த நம்பரு ரேஷன் கார்டுக்கு ஆவுமா சார்?"

கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து புருஷனோடு வந்து ஒன்பது வருஷமாம். கார்டு கேட்டுப் போன மூன்று முறையும் கதவு எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கடைசி முறை, உன் பெயருக்கு உன் விலாசத்தில் வந்த ஒரு தபாலாவது கொண்டு வா என்றார்களாம். அவளுக்கு வரும் கடிதம் எல்லாம் நடேசன் பெயரைத் தாங்கி வருகிறது. சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கடையில் முழு விலைக்கு வாங்குகிறாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆகாது அம்மா. இது எண்ணுவதற்கு மட்டும். நகராட்சி எண் வேறு."

அவள் முகம் வாடியது. எனக்கும் வாடியது. ஏகாம்பரம் தூரிகையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இதே நம்பர நான் நம்ம புக்குலயும் எழுதறேன் சார். வரி போடல, கதவு மட்டும். இத்தினி நாளு எழுதாதது என் தப்புதான்."

முனியம்மா கதவில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். மெட்ராசு போயி இந்த நம்பருக்கு ஒரு தபால் கார்டு போடுங்க. எங்க முதலாளி பேரு போடாதீங்க. வருதான்னு பாக்கலாம்."

மதியம் நகராட்சி அலுவலகத்தில் திருத்திய பட்டியலில் ஏகாம்பரமும் நானும் கையெழுத்திட்டோம். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வேறு யார் பெயரை எழுத? மாலை நான்கு மணிப் பேருந்தைப் பிடித்தேன். புடவை வாங்கவில்லை.

சென்னையில் நான் இருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. அன்று இரவே பதினைந்து பைசா அஞ்சலட்டையை எடுத்து முனியம்மாள், 41/3 என்று எழுதினேன். அனுப்புநர் இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. பதினோரு வருஷமாக என் விலாசத்தில் முதல் வரி வீட்டுக்காரர் பெயர், "மேற்பார்வை" என்று. எனக்கும் தனிக் கதவு எண் கிடையாது. அதை ஒரு குறையாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சம்பளக்காரனுக்கு ரேஷன் கார்டு எப்படியோ கிடைத்துவிடுகிறது. அட்டையில் எழுதச் செய்தி ஒன்றும் இல்லை. "நலம். நலமறிய ஆவல். இந்தக் கடிதம் கிடைத்தால் தெரிவிக்கவும்" என்று எழுதிப் போட்டேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டு முறை வீட்டுக்காரரிடம் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்; என்றும் இல்லாத வழக்கமாக இருக்கிறதே என்றார். பன்னிரண்டாம் நாள் ஓர் அட்டை வந்தது. ஏகாம்பரத்தின் கையெழுத்து, முனியம்மா சொல்லச் சொல்ல எழுதியது.

"சார், உங்க கார்டு வந்துச்சு. அத எடுத்துகினு போயி ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன், இந்தத் தபா வாங்கிகினாங்க. தபால்காரர் காலையிலயே வந்துட்டாரு. எங்க முதலாளி வாங்க வந்தாரு, தபால்காரரு அவருகிட்ட குடுக்கல. பாவு எடுக்கற வரிக்கும் நின்னு, என் கையில குடுத்துட்டுப் போனாரு."